மேலாளர் பேசும்போது கத்திய கழுதை

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் மேலாளர் பேச ஆரம்பித்ததும் கழுதை கத்தியது.

மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்குள்ளிருந்துதான். இழுத்து, மூச்சு வாங்கி, ஒரு குறையும் வைக்காமல் கத்தியது. திரையில் இருந்த பதினோரு முகங்களும் உறைந்தன. மேலாளர் மறுபடி ஆரம்பித்தார். அதுவும் ஆரம்பித்தது. மூன்றாவது தடவையோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாம தனியா பேசுவோம்."

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் கம்பெனியில் கையேடு எழுதும் வேலை. ஆறு மாதச் சோதனைக் காலம் வெள்ளியோடு முடிகிறது. வேலை நிலைக்குமா, நடையைக் கட்டவேண்டியதுதானா என்று மேலாளர்தான் சொல்லவேண்டும். சத்தத்தை அணைத்துவைத்தால் அவர் பேசுவதும் கேட்காது; மைக்கை அணைத்தால் இவன் பேசுவது கேட்காது. ஹெட்செட் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டி உயிரை விட்டு ஒரு வருஷம் ஆகிறது.

மச்சினி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். வெள்ளிதான் அவளுக்கு விடுமுறை. எட்டு மணிக்கே வந்துவிட்டாள். வைரஸ் இருக்கிறதா என்று சல்லடை போட்டுச் சலித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு இருவரும் எலி வளை முன்னால் பூனை மாதிரி உட்கார்ந்து, கழுதை கத்தக் காத்திருந்தார்கள். அரை மணி நேரம். மூச்சு இல்லை.

"உங்க முகத்தைப் பாத்துப் பயந்திருக்கும் மாமா."

"நேத்து வரைக்கும் கத்துச்சு. சொந்தக்காரங்க வந்ததும் அடங்கிடுச்சு."

அவன் சும்மா இருக்க முடியாமல் ஒரு கடிதம் அடித்தான். கழுதை கத்தியது. அவள் அடித்தாள். கத்தவில்லை. திரும்ப அவன். கத்தியது.

"அதுக்கு உங்களைத்தான் புடிச்சிருக்கு" என்றவள், அவன் விரல்களைக் கவனித்தாள். "இருங்க, ஒரு வணக்கத்தை எத்தனை தடவை மாமா அழிப்பீங்க?"

நாலு தடவை. அது அவன் வழக்கம். அவளோ எதையும் அழிப்பதே கிடையாது. அவள் அனுப்பும் செய்திகளைப் படிக்க ஜோசியம் தெரிந்திருக்கவேண்டும்.

அழிக்கும் பொத்தானை மட்டும் தட்டினாள். கழுதை. மறுபடி தட்டினாள். கழுதை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து வைத்துத் தட்டினாள். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு பெயர் துள்ளி மேலே வந்தது: 'தட்டச்சுத் தோழன்'. ஏற்றப்பட்டது திங்கள், மதியம் இரண்டு மணி.

மதியம் இரண்டு மணிக்கு மாப்பிள்ளை சாப்பிட வெளியே போய்விடுவான்; வீட்டில் இருப்பவர் மாமனார் ஒருவர்தான்.

அவர் காது மெஷினை மாட்டிக்கொண்டு வந்தார். "மாடி வீட்டுல நாற்காலி இழுக்கிற சத்தம் தாங்கல மாப்பிள்ளை. புகார் எழுதத்தான் டைப்பிங் பழகறேன்."

"கழுதை கத்துறது கேக்கலையாப்பா?" என்றாள் மச்சினி.

"கத்துதா? பழகும்போது மெஷினைக் கழட்டி வெச்சிடுவேன். நான் தட்டத் தட்ட பயிற்சித் திரையில ஒரு கழுதை தலையாட்டுச்சு. பாராட்டுதுன்னுல்ல நெனச்சேன்!"

நீக்கப்போனால் ஒரு பெட்டி மறித்தது. 'கண்டிப்பு முறை: எங்கே அடித்தாலும் சரி, பிழை இல்லாமல், எதையும் அழிக்காமல் பத்து வரி அடித்தால் மட்டுமே நீக்க முடியும்.'

"கண்டிப்பு இருந்தாத்தானே படிப்பு ஏறும்?" என்றார் மாமனார்.

மச்சினி அதை வலுக்கட்டாயமாக மூடினாள். மறு நொடி எழுந்து உட்கார்ந்தது. பத்து வரி அடித்துப் பார்த்தார்கள். அவள் அடித்தால் பிழை. அவன் அடித்தால் அழிப்பு. மாமனார் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. பத்து மணி ஆகிவிட்டது.

மேலாளர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்க திரையைக் காட்டுங்க. லிஃப்ட் பாதியில நின்னா என்ன செய்யணும்? ஒரு பக்கம், என் கண் முன்னாடி எழுதுங்க."

மாப்பிள்ளை எழுதினான். அழிக்க வழியில்லை என்றதும் வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன. லிஃப்ட் நின்றுவிட்டது. கீழே விழாது. கதவை இழுக்காதீர்கள். மணியை அழுத்துங்கள். வரிகள் இறங்கின. ஒன்பதாவது வரி: பயமாக இருந்தால் பாடுங்கள், வெளியே கேட்காது. பத்தாவது அவன் கையை மீறி வந்தது: முதல் மணிக்கு எங்கள் மேலாளர் எழுந்திருக்கமாட்டார், இரண்டாவது மணியும் அடியுங்கள்.

விரல் அழிக்கும் பொத்தானின் மேல் போய் நின்றது. மேசைக்கடியில் மச்சினி அவன் தொடையைக் கிள்ளினாள். முற்றுப்புள்ளி வைத்தான்.

திரை நடுவில் ஒரு கழுதை பட்டமளிப்புத் தொப்பியோடு வந்து குனிந்து வணங்கியது. 'தேர்ச்சி!'

மேலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குக் கத்தினது இதுவா?"

"ஆமா சார். நான் அழிச்சாக் கத்தும்."

"நான் பேசினப்ப மட்டும்தானே கத்துச்சு?"

"நீங்க பேசினதைத்தான் சார் எழுதி எழுதி அழிச்சிட்டிருந்தேன்."

மச்சினி முகத்தை மூடிக்கொண்டாள். மேலாளர் மூக்கைச் சொறிந்தார்.

"கழுதையே பாஸ் போட்டிருச்சு. இதுல நான் ஃபெயில் போட்டா ஊர் என்னை என்னன்னு சொல்லும்? திங்கக்கிழமை ஆர்டர் வரும். அந்தக் கடைசி வரியை மட்டும் அழிச்சிடுங்க."

மாப்பிள்ளை சந்தோஷத்தில் உடனே அழித்தான்.

கழுதை கத்தியது. மாடி வீட்டில் நாற்காலி இழுபட்டது.

மறுபடி மெஷினைக் கழற்றியிருந்த மாமனார் திரையைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா மாப்பிள்ளை, தலையாட்டுது!"