மூன்றாவது குடையின் பூச்சு

இந்தக் காலத்து ஆட்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்குள் வருகிறார்கள். வந்து மிருகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். குரங்கு இவர்களைப் பார்க்கிறது, இவர்கள் சுவரைப் பார்க்கிறார்கள். சுவரைத் தடவுகிறார்கள், கன்னத்தை அதில் ஒட்டவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றில் குட்டியைச் சுமந்துகொண்டு ஒரு தாய்க்குரங்கு வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால், சுவரில் நிழல் விழுகிறது என்று அதைச் சூ சூ என்று விரட்டுகிறார்கள். காசு கொடுத்து உள்ளே வந்து குரங்கை விரட்டும் ஜென்மங்களை ஆவுடையப்பன் தன் எழுபத்துச் சொச்சம் வயதில் இப்போதுதான் பார்க்கிறார்.

சுவர் என்று சொன்னாலும் அது சுவரில்லை, குடை. போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்துக்கு மேலே உள்ள மேட்டில், குரங்குக் கூண்டின் முன்னால் வரிசையாக மூன்று கான்கிரீட் குடைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆள் அகலத்தில் ஒரே ஒரு காம்பு. காம்பு மேலே போகப் போக விரிந்து, கையெட்டாத உயரத்தில் கூரையாகக் கவிழ்கிறது. பாதி நிழல் குரங்குக்கு, பாதி நிழல் பார்க்க வந்தவனுக்கு, காம்பிலும் பாதி உள்ளே பாதி வெளியே, நடுவில் கம்பி வலை. எழுபதுகளில் டெல்லியிலிருந்து வந்த ஒரு படிப்பாளி வரைந்து கொடுத்தது. தூண் இல்லை, கோபுரம் இல்லை, ஒரு பூ வேலை இல்லை. வார்த்த கான்கிரீட்டைப் பூசாமல் அப்படியே விட்டுவிட வேண்டும், அச்சுப் பலகையின் ரேகை அதில் தெரிய வேண்டும் என்பது அந்த ஆளின் உத்தரவு.

அன்றைக்கு போர்ட் பிளேரில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: வேலை எப்போது முடியும்?

வேலை முடிந்துவிட்டது என்பதை யாரும் நம்பவில்லை. அதிகாரிகளே நம்பவில்லை. பத்து வருஷம் கழித்து மெயின்லாண்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றதும், இந்த அரைகுறையைப் பூசி நீல வர்ணம் அடித்துவிடுங்கள் என்றார்கள். முதல் இரண்டு குடையைக் காண்ட்ராக்ட் ஆட்கள் பூசினார்கள். மூன்றாவதை இலாகா கொத்தனார் பூசினார். ஆவுடையப்பன்தான் அந்த இலாகா கொத்தனார். சாரத்தில் அண்ணாந்து நின்று, கழுத்து பிடித்துக்கொள்ள, முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று பூசியிருந்தார். அந்தப் பக்கமாகப் போகிற இன்ஜினியர்கள் நின்று தடவிப் பார்த்து இந்தியில் 'படியா காம்', நல்ல வேலை, என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை அவர் தன் மனைவி பேச்சியம்மாளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பது பேச்சியம்மாளுக்குத்தான் தெரியும்.

பேச்சியம்மாளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பூச்சுக்கு அடியில் கிடந்தது அவள் அண்ணன் ஈஸ்வரனின் வேலை.

ஈஸ்வரன் செண்ட்ரிங் அடிக்கிறவர். குடைக்குப் பலகை வளைத்து அச்சுக் கட்டியது அவர். மச்சானும் மாப்பிள்ளையும் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான். ஆனால் கப்பலில் இறங்கிய நாளிலிருந்தே எந்த மேஸ்திரி வந்தாலும் முதலில் ஈஸ்வரன் பெயரைத்தான் கேட்பான். ஈஸ்வரன் சிரித்தால் நாலு பேர் கூடச் சிரிப்பார்கள். ஆவுடையப்பன் சிரித்தால் என்ன சங்கதி என்று கேட்பார்கள். மூன்றாவது குடையைப் பூசி முடித்துச் சாரத்திலிருந்து இறங்கிய அன்று ஆவுடையப்பனுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல பசி எடுத்தது.

இப்போது எல்லாம் தலைகீழாகிவிட்டது. சென்னையிலிருந்து வைஜெயந்தி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது அவள் தொழிலாம். தஞ்சாவூர்க் கோயிலைக் காப்பாற்றினால் புரியும், நேற்றுப் போட்ட கான்கிரீட்டை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. இந்த மூன்று குடையைப் போல நாட்டிலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று அவள் சொன்னாளாம். கூண்டை மூடாமல், குரங்குகளை இடம் மாற்றாமல், மெஷின் வைத்து அதுகளை மிரட்டாமல், கையுளியால் தட்டித் தட்டி முதல் இரண்டு குடையின் பூச்சை எடுத்தார்கள். தட்டினவுடன் பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே அச்சுப் பலகையாக இருந்த படாக் மரத்தின் ரேகை, காம்பிலிருந்து கிளம்பி விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஓடுகிற மாதிரி, நேற்று வார்த்தது போல இருந்தது.

அவ்வளவுதான். பேப்பரில் ஈஸ்வரன் படம் வந்துவிட்டது. ரேகையின் மேல் கையை வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்தில் அந்தப் பெண் பூரித்து நிற்க. பேச்சியம்மாள் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கராச்சர்மாவில் இருக்கிற தன் வீட்டில் ஆவுடையப்பன் தண்ணீர் குடிக்கப் போனால் மச்சான் சிரிக்கிறார். மோர் எடுக்கப் போனாலும் சிரிக்கிறார்.

"மரம் வளந்தது சாமி செயல். பலகை அறுத்தது மில்லு. உங்க அண்ணன் ஆணி அடிச்சாரு, அம்புட்டுத்தான்" என்றார் ஆவுடையப்பன்.

"ஆணி அடிக்கவும் ஒரு ஆளு வேணும்லா" என்றாள் பேச்சியம்மாள், மோரைக் கையில் கொடுத்து.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அடுத்த வாரம் மூன்றாவது குடையின் பூச்சையும் உரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. இந்தத் தீவில் அவர் கை பட்ட குவார்ட்டர்ஸ் பாதி சுனாமிக்குப் பிறகு இடிந்தது, பாதியைச் சர்க்காரே இடித்தது. மிச்சம் இருப்பது இந்த ஒரு பூச்சு. அதையும் சுரண்டி எடுத்து ஈஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். காலையில் பஸ் ஏறினார்.

குரங்குகளைப் பராமரிக்கிற சுதாகர் அதுகளுக்குப் பழம் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் முதல் இரண்டு குடையைப் பார்க்காத மாதிரி கடந்து மூன்றாவதன் அடியில் போய் நின்றார். பார்க்காத மாதிரி கடந்தாலும் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. குரங்குகள் எல்லாம் முதல் இரண்டு காம்பில்தான் தொற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் ஒரு சின்னக்குட்டி ஏறப் பார்த்து, சர்ரென்று வழுக்கி அடியில் வந்து உட்கார்ந்தது. குரங்குக்குக்கூட ஈஸ்வரன் வேலைதான் பிடிக்கிறது.

"ஒம்ம பூச்சு அப்படி, மாப்ள. கொரங்கே வழுக்குது" என்று பின்னால் குரல் கேட்டது. ஈஸ்வரன். கூடவே வைஜெயந்தி. மச்சானை அழைத்துவர ஆபீஸிலிருந்து கார் அனுப்பியிருந்தார்கள். கார் அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

ஆவுடையப்பன் மச்சானிடம் பேசவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் பேசினார். பூச்சைத் தொடக் கூடாது என்றார். தொட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், குடை குரங்கு மேல் விழும் என்று அடுக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தண்ணீருக்கு என்ன பூசுகிறோம், கம்பியை எப்படிச் சோதித்தோம் என்று பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பதில் கையில் தயாராக வைத்திருப்பவர்களை ஆவுடையப்பன் எப்போதும் நம்புவதில்லை.

"ஐயா, முதல்ல ஒரு கையகலம் மட்டும் திறந்து பாக்கறேன். நீங்களும் கூட நில்லுங்க" என்றாள் அவள்.

காம்பின் அடியில், முழங்கால் உயரத்தில் உளியை வைத்தாள். முன்னதாகச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தாள். மற்ற இரண்டு குடையும் பானை மாதிரிச் சத்தம் கொடுத்தவை. இது கல் மாதிரி 'ணங்' என்றது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் உளியை அடித்தாள். பூச்சு வரவில்லை. மறுபடி அடித்தாள். தூள்தான் வந்தது. வேர்க்க விறுவிறுக்கச் சுரண்டி, உள்ளங்கை அளவு திறந்தபோது, பூச்சோடு கான்கிரீட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது.

உள்ளே ரேகை இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி எதுவும் இல்லை. புள்ளி புள்ளியாகக் குழி. குழிக்குப் பக்கத்தில் குழி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி.

வைஜெயந்தி குந்தியபடியே காம்பின் வேறு இரண்டு இடத்திலும் நகத்தளவு திறந்து பார்த்தாள். அங்கேயும் அதேதான். பூச்சு பிடிப்பதற்காகக் கான்கிரீட்டைக் கொத்தியிருக்கிறார்கள், காண்ட்ராக்ட் ஆட்கள் கொத்தாமல் பூசியதால்தான் அங்கே ரேகை தப்பியது என்று சொன்னாள். சோம்பேறிகள் செய்த வேலை உரிந்து வந்தது, ஒழுங்காகச் செய்த வேலை உரியவில்லை என்பதை அவள் சொல்லாமலே ஆவுடையப்பன் புரிந்துகொண்டார்.

"இதை எடுக்க முடியாது. எடுத்தா உள்ள இருக்கறதும் சேர்ந்து வந்துடும். இந்தக் குடை இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஜெயித்தாகிவிட்டது. ஆவுடையப்பன் அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தார். ஆனாலும் அவள் முகத்தில் பூரிப்பு இல்லை. ரேகையைப் பார்த்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதைப் பேப்பரில் அவர் பார்த்திருக்கிறார்.

"அப்ப நல்ல பூச்சுன்னு போர்டுல எழுதுவீயளா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "பிற்காலத்துப் பூச்சு, பிரிக்க முடியாததால விட்டிருக்கோம்னு எழுதுவோம்."

"பேரு?"

"உங்க பேரையும் போடறேன் ஐயா. கட்டாயம்." சொன்னபடி செய்கிற பெண்தான் என்று பட்டது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. முடியாததால் விட்ட பூச்சின் கீழே தன் பெயர். வேண்டாத விருந்தாளிக்குப் போட்ட இலை மாதிரி.

அவள் படம் எடுக்கும் கருவியைக் கொண்டுவரப் போனாள். ஈஸ்வரன் மெதுவாக முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, திறந்த இடத்தில் விரலை வைத்தார். குழிகளை ஒவ்வொன்றாகத் தடவினார், குருடன் முகத்தைத் தடவுகிற மாதிரி.

"மாப்ள" என்றார். "பூச்சு பிடிக்க இந்த எடத்துக்கு ரெண்டு கொத்து போதும்லா?"

"ஒமக்கு என்ன தெரியும் பூச்சைப் பத்தி? ஆணி அடிக்கிற சோலிதானே."

"ரெண்டு கொத்து, மிஞ்சிப்போனா நாலு. இது அம்மி கொத்துன மாதிரில்லா இருக்கு. ரேகைன்னு ஒரு நூலு மிச்சம் இல்ல." ஈஸ்வரன் நிமிரவில்லை. "ரேகையைத் தேடித் தேடிக் கொத்துனாப்புல இருக்கு, வே."

குரங்குகள் பழத்துக்கு அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. கீழே துறைமுகத்தில் கிரேன் ஏதோ பெட்டியை இறக்கியது. ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கொத்தனாருன்னா கொத்தத்தான் செய்வான். கொத்தாதவன் பூச்சு என்ன ஆச்சு, அங்க போய்ப் பாரும். பாளம் பாளமா விழுந்து கெடக்கு."

"விழுந்ததுனாலதான் ரேகை தெரியுது" என்றார் ஈஸ்வரன். கோபமாகச் சொல்லியிருந்தால் ஆவுடையப்பனுக்குத் தோதாக இருந்திருக்கும். மச்சான் எழுந்து, கையில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஏதோ வேண்டிய ஆளைப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "சரி, போகட்டும். காருல வாரும், கராச்சர்மாவுல எறக்கி விடச் சொல்லுதேன். தங்கச்சியையும் பாத்த மாதிரி இருக்கும்."

"பஸ்சு இருக்கு."

அவர் நடந்தார். எதிரே ஒரு புது ஜோடி வந்தது. அந்தப் பெண் மூன்றாவது குடையைப் பார்த்தாள், நீலம் வெளுத்த வழவழப்பைப் பார்த்தாள், கணவனின் கையைப் பிடித்து முதல் குடைக்கு இழுத்துக்கொண்டு போய் ரேகையில் கன்னத்தை வைத்தாள். ஆவுடையப்பன் காறித் துப்ப நினைத்தார். உள்ளே துப்பினால் அபராதம் என்று இந்தியில் எழுதியிருந்த பலகை எதிரே நின்றதால், விழுங்கிக்கொண்டார்.

நெருக்கமாகக் கொத்தினால்தான் நிற்கும். தீவில் அடிக்கிற மழைக்கு ரெண்டு கொத்து எப்படிப் போதும்? தென்காசி வெயிலுக்குப் போதும், இங்கே போதாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும், அப்போது வாயில் வரவில்லை. நின்றுகொண்டுதானே இருக்கிறது, யாராலும் உரிக்க முடியவில்லையே என்று கேட்டைத் தாண்டும்போது உரக்கவே சொன்னார். காருக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் தன்னிடம் சொல்வதாக நினைத்து, "க்யா சாப்?" என்றான்.

"ஒண்ணுமில்ல. ஒன் சோலியப் பாரு" என்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி இறக்கத்தில் இறங்கினார்.