சிவப்புக் குறி வண்டி

"இது என்னங்க, அலச அலசக் கருப்பாவே வருது?"

"டாங்கி மசி. அடுப்புக் கரி மாதிரிதான். ஊற வச்சி அடிச்சா போய்டும்."

"அடுப்புக் கரியா இருந்தா இந்நேரம் போயிருக்கும்."

"அப்ப உட்டுடு. அதப் போட்டுகினு நான் இன்னா மாப்ள ஊர்வலமா போவப் போறேன்?"

குவைத்திலிருந்து ஜெகதீசன் முதல் விடுமுறையில் வந்திருந்தபோது, பாரிவாக்கம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த பேச்சு இது. அன்று அவன் மனைவி ஷோபனா சிரித்துவிட்டாள். பெட்டியில் அவன் கொண்டுவந்த வேலைச் சட்டைகளைக் கையாலேயே கசக்கிப் பிழிந்தாள். தவழ்கிற வயதில் இருந்த மகள் தீபிகா அந்தத் தண்ணீரில் இரண்டு கையாலும் தட்டித் தட்டி விளையாடினாள். ஷோபனா அதையும் ரசித்து ஒரு போட்டோ எடுத்தாள்.

ஜெகதீசனுக்கு அங்கே கேஸ் கட்டிங் வேலை. ஈராக்கோடு நடந்த பழைய போரில் அடிபட்டு எரிந்துபோன டாங்கிகளைப் பாலைவனத்திலிருந்து இழுத்துவந்து ஒரு பெரிய காயலாங்கடையில் போட்டிருந்தார்கள். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டித் தர வேண்டும். ஷோபனாவின் அப்பாவோ ஆவடி தொழிற்சாலையில் டாங்கிக்கு வெல்டிங் அடித்தே ஓய்வு பெற்றவர். "நாங்க கஷ்டப்பட்டு ஒட்டுவோம், மாப்ள ஜாலியா வெட்டுவாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்றதும் அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வாடகை வீடு தேடி அலைந்தவரை நிறுத்தியது ஜெகதீசன்தான். "மாமா, நம்ம ஊடு இருக்கும்போது நீங்க ஏன் அலையறீங்க? மேல ஒரு மாடி எழுப்பிடலாம்" என்றான். குவைத்துச் சம்பளத்தில் மாடி எழும்பியது. கூரை போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. அப்பாவும் அம்மாவும் பூசாத சுவருக்குள்ளேயே குடிவந்துவிட்டார்கள்.

ஷோபனாவின் வாயைக் கட்டிப்போட்டதும் அந்த மாடிதான். ஒவ்வொரு முறை அவன் கிளம்பும்போதும் கேட்க நினைத்ததைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் திணித்தாள். தன்னைப் பெற்றவர்களுக்காக வெயிலில் வேகிறவனிடம் எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

இந்த விடுமுறையிலும் கேட்டிருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை முகமது ஆசிக் போன் செய்யாமல் இருந்திருந்தால்.

ஆசிக் பூந்தமல்லிக்காரன். ஜெகதீசனோடு அதே இடத்தில் வேலை செய்கிறவன். ஜெகதீசன் மீன் கழுவிக்கொண்டிருந்ததால் ஷோபனாதான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"மச்சான், இன்னா பண்ணிகினு கீற?"

"மீன் கழுவிகினு கீறேன். ஸ்பீக்கர்ல கீது, பாத்துப் பேசு."

"அப்ப தங்கச்சிக்கு ஒரு சலாம். மேட்டர் இன்னான்னா, செவப்புக் குறி வண்டி நாலு வந்து எறங்கிகீது. ஒருத்தனும் தொட மாட்டேன்றான். டபுள் கூலி. ஒனக்குன்னு ஒதுக்கி வச்சிகீறேன். சட்டுனு வந்து சேரு, மாமே."

ஜெகதீசன் பாத்திரத்துக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். போனை அணைத்துவிட்டு ஷோபனா கேட்டாள்.

"சிவப்புக் குறின்னா?"

"பெயிண்ட்ல குறி போட்டு வச்சிருப்பான்."

"எதுக்கு?"

"யுரேனியம் குண்டு பட்ட வண்டின்னு தெரியறதுக்கு."

"அணுகுண்டா?"

"அட, அது இல்ல. அதுக்கு எடுத்துகினது போக மிஞ்சற கசடு. ஈயத்தவிடக் கனம். அதுல குண்டு செஞ்சி அடிச்சா டாங்கியையே தொளச்சிகினு உள்ள போய்டும்."

"உள்ள போய்?"

"எரிஞ்சி தூளாய்டும்."

"கருப்புத் தூளா?"

அவன் கழுவிய மீனையே மறுபடியும் கழுவினான்.

மறுநாள் ஷோபனா அவனைக் குமணன்சாவடியில் டாக்டர் தாட்சாயிணியிடம் அழைத்துப் போனாள். புது விசாவுக்காக ஏஜென்ட் அனுப்பிய இடத்தில் ஏற்கெனவே மெடிக்கல் முடிந்து, 'ஃபிட்' என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். டாக்டர் அதைப் பார்த்தார். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் முடிவு வந்தது.

"கிட்னி இப்ப நல்லா இருக்கு" என்றார். "இதுல ஃபிட்னு போட்டதும் பொய் இல்ல. ஆனா அவங்க தேடினது டி.பி. மாதிரி நோய்ங்களை. இந்த யுரேனியத்தை யாரும் தேடல. தனியா டெஸ்ட் இருக்கு, பெரிய லேப்லதான் செய்வாங்க. எழுதித் தரேன்."

"அந்தக் கதிரு ஆள எரிச்சிடுமா மேடம்?" என்று கேட்டான் ஜெகதீசன்.

"உடம்புக்கு வெளியில இருக்கிற வரைக்கும் பெரிசா ஒண்ணும் பண்ணாது. தோலைத் தாண்டாது. தூளா மூச்சுல போனாத்தான் வம்பு. நுரையீரல்ல தங்கும், கிட்னியைக் கெடுக்கும். மண்ணுல கிடந்தா மெல்ல தண்ணியிலயும் கலக்கலாம். நீங்க அதை நெருப்பு வெச்சு வேற வெட்டுறீங்க."

ஷோபனா அந்தத் துணி அலசிய தண்ணீரைப் பற்றிச் சொன்னாள்.

"எப்பவோ ஒரு நாள் விளையாடின தண்ணிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கும் யூரின் பார்த்துடலாம்."

"இன்னொரு குழந்தை பெத்துக்கிட்டா?"

"ஈராக்ல குழந்தைங்க குறையோட பிறக்குதுன்னு சொல்றாங்க. அது இதனாலதான்னு யாரும் நிரூபிக்கல. இதனால இல்லைன்னும் நிரூபிக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"மாஸ்க்கு போட்டுகினு வெட்டலாம் இல்ல?" என்றான் ஜெகதீசன்.

"இவ்வளவு நாள் என்ன போட்டுக்கிட்டீங்க?"

"கர்ச்சீப்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "அது மூக்கு சிந்த. உள்ளே போனதை எடுக்க எங்கிட்ட மருந்து இல்ல. இனிமே போகாம பார்த்துக்கணும். அதை மாத்திரைச் சீட்டுல எழுத முடியாதும்மா" என்று கடைசி வார்த்தையை ஷோபனாவைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஜெகதீசன் உற்சாகமாகிவிட்டான். "கிட்னி நல்லா கீதுன்னு சொல்லிட்டாங்க, கேட்ட இல்ல? வா, ஏஜென்ட்டு ஆபீஸ் மூடறதுக்குள்ள பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு வந்துடலாம்."

பூந்தமல்லியில் இருந்தது அந்த ஆபீஸ். அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். பின்னால் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்ட ஷோபனாவுக்கு, சட்டைக்கு மேலேயே அவன் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அம்பத்தூரில் இரும்பு ஃபேப்ரிகேஷன் வேலைக்கு அவனை இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் பாதிகூட வராது என்று அவன் பேச்சையே வளர்க்கவில்லை. சம்பளம் பாதியானால் அப்பாவும் அம்மாவும் பூசாத சுவருக்குள்ளேயே இன்னும் எத்தனை மழை பார்க்க வேண்டுமோ. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. கேட்ட பிறகும் அவன் போய்விட்டால்? கேட்காத வரையில், கேட்டிருந்தால் இருந்திருப்பான் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

அவன் தோள்மீது குனிந்து மெல்லச் சொன்னாள்.

"இன்னா? பூவா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினான். ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் தண்ணீர் வண்டி. "சிக்னல் தாண்டி நிறுத்தறேன், முழமா வாங்கிக்கோ."

மெட்ரோ தூண்களுக்கு நடுவே சிக்னல் விழுந்தது. ஷோபனா வண்டியிலிருந்து இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, நடு ரோட்டுல இன்னா பஞ்சாயத்து? வண்டில குந்து" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டாள்.

"நான் பூ கேக்கல. மாடி பூசாமலே இருக்கட்டும், அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க குவைத்துக்குப் போகாதீங்க."