குறைந்த விலைக்கு வந்த சமாதானக் காளை

அம்மா, மூட்டை கட்டியிருந்தால் அவிழ்த்து வை. சனிக்கிழமை வண்டியில் பெயர் கொடுத்திருந்தால் எடுத்துவிடு. புவோம் அண்ணன் காட்டிலிருந்து தலைநகர் ஜூபாவுக்கு வந்து சேர்ந்தால்தான் ககுமா அகதி முகாமைவிட்டுக் கிளம்புவேன் என்று சொல்லியிருந்தாய். வந்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன். இப்போது இங்கே இல்லை, மறுபடியும் காட்டுக்குப் போய்விட்டான். வேறு யாராவது மாற்றிச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

தனி நாடாகிக் கொடியேற்றி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அமைச்சர்களுக்கு நாற்காலி போதவில்லை. இங்கே அமைச்சராவது சுலபம். கொஞ்சம் ஆட்களோடும் துப்பாக்கியோடும் காட்டுக்குள் போய் ஒரு பாலத்தை உடைத்தால் போதும், அரசாங்கம் காரை அனுப்பும். பாலம் கட்டத் தெரிந்தவனைத்தான் வாசலில் நிறுத்தி, நாளைக்கு வா என்கிறார்கள்.

அண்ணனுடைய தளபதி குவோலாங்கும் இந்த வழியில்தான் வந்தார். எண்ணெய்த் துறை கேட்டார். அது எப்போதோ போய்விட்டது. கடைசியில் வனவிலங்குத் துறையை இரண்டாக வெட்டி, சுற்றுலா என்று ஒரு பாதியைக் கொடுத்தார்கள். இந்த நாட்டுக்குச் சுற்றுலா வந்த ஒருவனையும் நான் பார்த்ததில்லை. அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்தத் துறைக்கும் வெள்ளைக் கார் உண்டு.

மைதானத்தில் சமாதானச் சடங்கு. நாற்காலி போட்டது நான்தான். எங்கள் அமைச்சரின் அலுவலகத்தில் எனக்கு அதுதான் உத்தியோகம். வெள்ளைக் காளையை ஈட்டியால் குத்திக் கிடத்தி, அரசாங்கம், காட்டு ஆட்கள் என இரண்டு பக்கத்தாரும் அதைத் தாண்ட வேண்டும். தாண்டியவன் பழைய ரத்தத்தைப் பேசக்கூடாது.

காளையை வாங்கியது எங்கள் கொள்முதல் அதிகாரி. மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலைக்காரனிடம் வாங்கியிருந்தார். திருட்டு மாட்டைவிடக் குறைந்த விலைக்கு யாரால் தர முடியும்? எந்தத் தொழுவத்து மாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் நம் ஆட்கள் மாட்டைத் தொடக்கூட மாட்டார்கள். படித்தவர்கள், அவர்களுக்கு ரசீது போதும்.

ஈட்டி எடுத்தவனின் கையை அண்ணன் பிடித்தான்.

"கொஞ்சம் நில்லு. இது என் காளை."

எங்கள் அமைச்சர் சிரித்தார். "வெள்ளையா இருக்கறதெல்லாம் ஒன்னோடதா, தம்பி?"

"எடக்கொம்பப் பாருங்க. கீழ வளையணும்னு நானே செதுக்கி விட்டது. காதுல இருக்கறது எங்கப்பா போட்ட வெட்டு."

பிறகு அந்தக் காளைக்கென்று அவன் கட்டிய பாட்டை மெல்ல எடுத்தான். காளை தலையைத் திருப்பி அவன் தோளை முகர்ந்தது. அப்பாவைச் சுட்டுவிட்டு ஓட்டிப்போன மந்தையில் முன்னால் போன காளை அது, அம்மா. ஓட்டிப்போனது எங்கள் அமைச்சரின் சித்தப்பா மகன்கள் என்பது உனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"பில்லு இருக்குப்பா. டெண்டர் விட்டு வாங்குன மாடு" என்றார் அமைச்சர்.

"புவோம், ஒக்காருடா" என்றார் தளபதி. "மாடுதானே. பதவி ஏத்த ஒடனே பத்து மாடு தர்றேன்."

"எங்கப்பனுக்கும் பத்து அப்பன் தருவீங்களா, தளபதி?"

தளபதியின் கண் மைதான ஓரத்தில் நின்ற வெள்ளைக் காரிலேயே இருந்தது. பின்னாலிருந்து அவர் ஆட்களில் ஒருவன் சொன்னான்: "ஐயா எப்பவோ வண்டியில ஏறிட்டாருடா. நாமதான் கீழ நிக்கறோம்."

நான் ஓடிப்போய் அண்ணன் சட்டையைப் பிடித்தேன். "அண்ணா, அம்மா சனிக்கிழம வர்றாங்க. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"இதத் தாண்டிட்டு அம்மா மொகத்துல எப்படிடா முழிப்பேன்?"

கயிற்றை முளையோடு விட்டுவிட்டு, காளையை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தான். தளபதியோடு வந்த அத்தனை ஆட்களும் அவன் பின்னால் காட்டுக்கே திரும்பிப் போனார்கள். தடுக்க வேண்டிய காவலர்கள் வழிவிட்டார்கள்.

எங்கள் அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரேடியோக்காரங்க காத்திருக்காங்க."

"கயிறு இருக்குல்ல" என்றார் தளபதி.

இரண்டு பேரும் கோட்டின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் கிடந்த கயிற்றைத் தாண்டினார்கள். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை தாண்டினார்கள். சாயங்காலம் ரேடியோவில் சமாதானம் வந்துவிட்டது.

குவோலாங் இப்போது சுற்றுலா அமைச்சர். அமைச்சரவையில் அவர் முதன்முதலில் கேட்டது சுற்றுலாவுக்காக அல்ல. காட்டில் இருக்கும் கலகக்காரர்களைப் பிடிக்கப் படை வேண்டும் என்றார். அவர்கள் எந்த ஓடையில் தண்ணீர் எடுப்பார்கள், எங்கே தூங்குவார்கள் என்று அவருக்குத்தானே தெரியும். கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டால் யோசிக்கிற ஆட்கள்.

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இடம் மாறச் சொன்னேன். அவன் மாறுவான், காளையை விட்டுவிட்டு மாறுவானா என்பதுதான் பயமாக இருக்கிறது. அத்தனை வெள்ளை, வெகுதூரத்துக்குத் தெரியும்.

நீ முகாமிலேயே இரு அம்மா.