எட்டாவது நட்சத்திரம்

கிளப்பின் சட்டைகளுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான். துவைப்பது, எண் ஒட்டுவது, கிழிந்ததைத் தைப்பது, எல்லாம். ஆட்டக்காரர்கள் அவளை அக்கா என்பார்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் சட்டைக்காரம்மா என்பார்கள். இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில், பார்வையாளர் மேடைக்கு அடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில், எண் ஒட்டும் சூட்டு மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் தன்னோடு தானே வாதாடிக்கொண்டிருந்தாள். மிஷினை இப்போதே போடலாமா, கூடாதா? எண்பதாவது நிமிடம். இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கோல்.

இந்தக் கிளப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். லீக் ஆட்டங்களில் இவர்களுக்கு என்றைக்கும் கடைசி வரிசைதான். ஆனால் கோப்பைப் போட்டி என்று வந்துவிட்டால் சாமி வந்த மாதிரி ஆடுவார்கள். ஏழு தடவை வென்றிருக்கிறார்கள். முதல் தடவை வென்றபோது கிளப்புக்குச் சொந்தமாக இருந்தது இரண்டே பந்து. நாலாவது கோப்பை, எதிரணிக்காரன் ஒருவன் தன் வலைக்குள் தானே அடித்துக்கொண்டதால் வந்தது. ஆறும் ஏழும் பெனால்டியில். எப்படி வந்தால் என்ன, கோப்பை கோப்பைதானே. ஒவ்வொன்றுக்கும் சட்டையில் சின்னத்துக்கு மேல் ஒரு தங்க நட்சத்திரம். வென்ற அன்றைக்கே, கோப்பையை வாங்க மேடை ஏறும்போதே, புது நட்சத்திரம் நெஞ்சில் இருக்க வேண்டும் என்பது கிளப்பின் வழக்கம். விசில் ஊதுவதற்கு முன்னால் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அதைவிடக் கறாரான வழக்கம்.

அதைத் தொட்டவர் அவளுடைய அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சட்டைப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. அப்போதெல்லாம் நட்சத்திரத்தைத் தையல் மிஷினில் தைக்க வேண்டும். இருபது சட்டைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இறுதிப் போட்டியின் இடைவேளையில் இரண்டு கோல் முன்னால் இருந்தார்கள். அண்ணன் மனக்கணக்குப் போட்டுவிட்டு எட்டாவது நட்சத்திரத்தைத் தைக்க ஆரம்பித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, இரண்டாம் பாதியில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். பாதி தைத்த சட்டைகளை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், கோல்கீப்பர் விட்ட பந்தை மறந்தார்கள், ஓட முடியாமல் நின்ற ஆட்டக்காரர்களை மறந்தார்கள். அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார்கள். கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் 'நட்சத்திரம் வர்றாரு' என்று சிரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஊரை விடுங்கள், அவளே சொன்னாள். "உன் கை அரிப்புதான் கோப்பையக் கொண்டுபோச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மறு மாதமே அவர் பார்த்த வேலைக்குப் போய் நின்றாள். அன்றிலிருந்து அண்ணன் அவளிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுவார். மற்றதெல்லாம் அண்ணி மூலமாக வரும், போகும்.

இந்த ஒன்பது வருஷத்தில் கிளப் இறுதிப் போட்டிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. எட்டாவது கோப்பை கிடைத்துவிட்டால் அண்ணன் தலையில் விழுந்த பழி கழுவப்பட்டுவிடும் என்று அவள் நம்பினாள். தோற்றாலும் பரவாயில்லை, தன் கையால் மட்டும் தோற்கக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்று ஆகிவிடக் கூடாது.

ஆனால் காலையில் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். நட்சத்திரங்கள் புதுச் சரக்கு, சட்டைத் துணியும் புதுசு. சூடு சரியாக இருக்குமா என்று பார்க்காமல் எப்படி விடுவது? எண் இல்லாத உபரிச் சட்டை ஒன்றில் எட்டாவது நட்சத்திரத்தை ஒட்டிப் பார்த்தாள். எண் இல்லாத சட்டை யாருடைய சட்டையும் இல்லை, அதனால் இது ஒட்டியதாக ஆகாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். நட்சத்திரம் அழகாகப் பிடித்துக்கொண்டது. சட்டையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள்.

இப்போது மிஷினையும் போட்டாள். சூடாக்குவது ஒட்டுவதாகாது.

எண்பத்து நாலாவது நிமிடத்தில் கதவு இடித்துத் திறந்தது. வந்தவன் நாலாம் எண், நடுவில் நின்று தடுத்து ஆடுபவன். எவனும் தாண்டிப் போக முடியாது என்பதால் அவனுக்கே 'கதவு' என்றுதான் பெயர். சட்டை முழுக்க ரத்தம்.

"ஐயோ, என்னப்பா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவங்க ஆளு மண்டை உடைஞ்சு என்மேல விழுந்தான். ரத்தச் சட்டையோட ஆடக் கூடாதுன்னு ரெஃப்ரி வெளிய அனுப்பிட்டாரு. வேற சட்டை குடுங்க, சீக்கிரம். மாத்து ஆளும் கெடையாது, எல்லாரையும் எறக்கியாச்சு. உள்ள பத்தே பேரு."

அவள் திரும்பினாள். நாலாம் எண்ணுக்கு இரண்டு சட்டை. ஒன்றை மழையில் நனைந்ததென்று இடைவேளையில் கழற்றிக் கொடுத்தான். அது மற்ற சட்டைகளோடு வாஷிங் மிஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடி முடியாமல் அதன் மூடி திறக்காது. இன்னொன்று இப்போது அவன் உடம்பில் ரத்தத்தோடு. மிச்சம் அலமாரியின் அடியில் இருந்த உபரிச் சட்டைதான். 

சட்டையை விரித்தாள். அவன் நட்சத்திரங்களை எண்ணினான். இந்தக் கிளப்பில் எல்லாருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

"எட்டு இருக்கு" என்றான்.

"சூடு பாக்க ஒட்டினேன்பா. சும்மா."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்பரை ஒட்டிக் குடுங்கக்கா, நான் போறேன்."

பதினைந்து வினாடி வேலை. நாலு என்ற எண்ணை முதுகில் வைத்து அழுத்தினால் அவன் போய்விடலாம். ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் மேடையில் இருக்கும் பதினைந்தாயிரம் பேர் வந்தார்கள். டிவியில் அவன் நெஞ்சைப் பெரிதாகக் காட்டுவார்கள். இன்னும் ஆறு நிமிடம் இருக்க, ஸ்கோர் சமமாக இருக்க, எட்டு நட்சத்திரம். அதன் பிறகு என்ன ஆனாலும் அது யார் கை என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு நிமிஷம். இதை உரிச்சுடறேன்."

"அக்கா, வேணாம்."

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது."

ஒட்டிய நட்சத்திரத்தை உரிக்க மறுபடி சூடு காட்ட வேண்டும். காட்டினாள். நகத்தால் முனையைக் கிளப்பினாள். மூன்று முனை வந்தது, இரண்டு முனை பிய்ந்து துணியிலேயே நின்றது. மறுபடி சூடு. விரல் நுனி கொப்புளித்துப்போனது, அவளுக்கு உறைக்கவில்லை. அவன் வெற்று உடம்போடு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தான். நட்சத்திரம் வந்தது, அதன் பசை வரவில்லை. ஐந்து முனையும் மஞ்சளாகத் துணியில் அப்படியே தெரிந்தன. அவள் தின்னரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள்.

"அக்கா, கார்னர் குடுத்துட்டாங்க போல. சத்தம் கேக்குது பாருங்க. கார்னர்னா நான் அங்க நிக்கணும்."

"இதோ, இதோ ஆச்சு."

"நம்பர் ஒட்டுங்க. கால்ல விழறேன், நம்பரை ஒட்டுங்க."

சட்டையைத் திருப்பினாள், எண்ணை வைத்தாள், மிஷினை அழுத்தினாள். வினாடியை வாய்விட்டு எண்ணினாள். அந்த அறைக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது இவர்கள் கிளப்பின் ரசிகர்கள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து கூரை அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் ஒன்பது என்று சொன்னபோது அந்தக் கூரை அடங்கியது. மைதானத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து, வெகு தூரத்தில் நடப்பதுபோல, ஓர் இரைச்சல் கிளம்பி வந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பதினைந்து ஆனதும் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் சூட்டோடு போட்டுக்கொண்டு ஓடினான். ஏழு நட்சத்திரத்தோடு போய் மிச்ச நேரத்தை ஆடினான். ஒன்றும் மாறவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு அவள் போனபோது எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச் நாலாம் எண்ணிடம் கேட்டார்: "சட்டை மாத்த இவ்வளவு நேரமாப்பா?"

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவனிடம் எந்தக் குறையும் சொல்ல முடியாது, நல்ல பையன். அவள்தான் சொன்னாள், காலையில் ஒட்டியதிலிருந்து பஞ்சால் தேய்த்தது வரை, ஒன்று விடாமல். சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருக்கிறவளைப் போல நின்றாள்.

கிளப்பின் தலைவர் எழுந்து வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் அவள் தோளில் கை வைத்தார்.

"உரிச்சது சரிதாம்மா. அது நல்ல காரியம். ஆனா காலைல ஒட்டினே பாரு, அப்பவே முடிஞ்சுபோச்சு. உங்க குடும்பத்துக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் ஏதோ ராசி இல்ல, என்ன செய்ய?"

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நட்சத்திரத்தால ஒண்ணும் ஆகலைங்க. மூணு நிமிஷம் இவரை நான் நிறுத்தி வச்சேன். அந்தக் கார்னருக்கு இவர் அங்க இல்ல. இவர் நிக்கிற எடத்துல நின்னுதான் அவன் தலையால முட்டினான். நீங்களே பாத்தீங்க."

"சரிம்மா, சரி. நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

கோச்சைப் பார்த்தாள். அவருக்கு விளங்கியிருந்தது, ஆனால் அவரும் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார். பத்து ஆளோடு தோற்றதைவிட நட்சத்திரத்தால் தோற்றது எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. இப்படித்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் சௌகரியமாக இருந்திருக்கிறது. அந்தச் சௌகரியத்தில் தானும் பங்கு வாங்கியிருக்கிறோம், அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சட்டை அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, அண்ணியை விட்டுவிட்டு நேராக அண்ணனுக்கே போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணா, நீ தைச்ச அன்னிக்கு மைதானத்துல நம்ம ஆளுங்க பதினோரு பேரும் இருந்தாங்கல்ல?"

"இருந்தாங்க. ஏன்?"

"அப்ப நீ தோக்கடிக்கல. நான் உன்னைச் சொன்னது தப்பு." விடாமல் தொடர்ந்து சொன்னாள். "இன்னிக்குத் தோக்கடிச்சது நான்தான். உனக்கு நடந்தது எனக்கும் நடந்துடுமோன்னு பயந்து, பையனை அனுப்பாம நட்சத்திரத்தை உரிச்சுக்கிட்டிருந்தேன்."

மறுமுனையில் டிவியின் சத்தம் கேட்டது. எதிரணிக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை அண்ணன் நிறுத்தினார்.

"இதை உன் வாயால கேக்கணும்னு ஒன்பது வருஷமா இருந்தேம்மா" என்றார். "கேட்டா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். இல்ல."