ஒரே ஒரு மாணவருக்கான பாடம்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. கதை எழுதுவது பற்றி இணையத்தில் வகுப்பு எடுக்க எனக்கு ஓர் ஆசை. அதனால், வகுப்பு எடுப்பது எப்படி என்ற வகுப்பில் முதலில் சேர்ந்தேன். (சிரிக்காதீர்கள். நீச்சல் வாத்தியாரும் ஒருநாள் தண்ணீர் குடித்தவர்தான்.) அவர்கள் அனுப்பிய படிவத்தில் ஒரே கேள்வி பன்னிரண்டு முறை இருந்தது: யாருக்கு? பதில் எழுதினால் அடுத்த கட்டத்தில், அதில் யாருக்கு? அடியில் ஒரு குறிப்பு: ஒரே ஒரு முகம் தெரியும்வரை தலைப்பைக் குறுக்கிக்கொண்டே வாருங்கள்.

ஏழாவது கட்டத்தில் எனக்குப் பயம் வந்தது. உண்மையிலேயே ஒரு முகம் தெரிந்துவிட்டால்? படிவத்தை மூடிவிட்டு இந்தக் கதையைத் திறந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பூட்டுக்காரியின் கைகளில் பித்தளை வாசனை எப்போதும்

[வேண்டாம். கைகளில் தொடங்கும் கதைகளை நான் நம்புவதில்லை. ஆனால் கைகள் பின்னால் தேவைப்படும், இங்கேயே கிடக்கட்டும்.]

இரண்டாம் தொடக்கம்: சாவி வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே தம்பி கத்தினான்.

"அக்கா, பூட்டுன்னா கடல். கடலை யார் வாங்குவா? ஒரு டம்ளர் குடு, விக்கலாம்!"

"வீட்டுப் பூட்டு?"

"அது குளம்."

"சாவி தொலைஞ்சா என்ன பண்றது?"

"அது வாளி. இன்னும் குறுக்கு."

"இதுக்கு மேல குறுக்கினா உன் மூளைதான்டா மிஞ்சும்."

இது பரவாயில்லை. கடை அவளுடையது. கணினி தம்பியுடையது. அவளை வைத்து இணையத்தில் வகுப்பு நடத்துவது அவன் திட்டம். மாதிரிப் பாடம் ஒன்றை அவன் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறான். வெட்கப்பட்டதால் அதில் அவள் முகம் இல்லை, பேரும் இல்லை, குரலும் தம்பியுடையது. கைகள் மட்டும் தெரியும். கீழே ஒரு கேள்விப் பெட்டி: உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? இருநூற்றுப் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள்.

3

ஒரு நிமிடம். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் நகர முடியாது. அது என் பலவீனம். சாவித்துளைக்கு மேலே ஐந்து சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டாக வெட்டிய ஒரு குச்சி, அதைக் கீழே தள்ள ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் ஐந்து வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். உருளை சுழலும். நான்கு சரியாக இருந்து ஒன்று பிசகினாலும் அசையாது. எவ்வளவு அழகான பிடிவாதம்!

தம்பியும் அப்படித்தான் கேள்விகளை வடிகட்டினான். வீட்டுக்கா, வண்டிக்கா? வாசல் கதவா, அறைக் கதவா? இருநூற்றுப் பதினான்கு முப்பதாயிற்று. முப்பது ஆறாயிற்று. வெளியிலிருந்து திறக்கவா, உள்ளேயிருந்தா?

ஐந்தாவது குச்சியும் கோட்டில் வந்து நின்றது. ஒன்று.

4

"வெளியே பூட்டின அறைக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா? சாவி இல்லை. கொண்டை ஊசி இருக்கு." கூடவே ஒரு புகைப்படம்.

"அக்கா, ஜாக்பாட்! இதை உலகத்துல யாருமே சொல்லித் தரல!"

"ஏன் சொல்லித் தரலன்னு யோசிச்சியா?" என்றாள் பூட்டுக்காரி.

யோசிக்கவில்லை. ஒரு கேள்வியைத் தேர்ந்தவுடன் தானாகப் பதில் போகும்படி அவன் முன்பே செய்து வைத்திருந்தான். அதுவும் போய்விட்டது: *உங்கள் கேள்விக்கு நன்றி. உள்ளேயிருந்து கொண்டை ஊசியால் திறப்பது பற்றிய பாடம் உங்களுக்காகவே தயாராகிறது!*

ஒரு மணி நேரம் கழித்து அதே முகவரியிலிருந்து இன்னொரு கடிதம். இதில் பேச்சுநடை இல்லை, அவசரம் இல்லை.

"மன்னிக்கவும். கேள்வி மாறிவிட்டது. உள்ளேயிருந்து எதைக் கொண்டும் திறக்க முடியாத பூட்டு எது? அதற்குப் பாடம் உண்டா?"

தம்பி இரண்டு கடிதங்களையும் திரையில் அருகருகே வைத்தான். "ரெண்டு பேரு, அக்கா. ஒரே மெயில் பெட்டியைப் படிக்கிறாங்க."

5

[இங்கே எனக்குச் சந்தேகம். அவள் ஏன் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்? கதைக்காரனின் வசதிக்காகவா? இல்லை. பூட்டுக்காரர்கள் மனிதரைப் பார்க்குமுன் கதவைப் பார்ப்பார்கள்.]

கதவில் ஒரு பழைய துளை. அதை மறைக்க ஒரு தகடு. தகட்டில் நான்கு திருகுகள். நான்கின் பள்ளங்களும் நேர்செங்குத்தாக நின்றன. குறுக்கே நின்றால் பள்ளத்தில் தூசி அடையும் என்று அப்படி நிறுத்துபவர்கள் குறைவு. அந்தத் தகட்டைக் கத்தரித்தவள் ஒருத்திதான்.

"இது நான் போட்டது," என்றாள்.

போன மாதம். இரண்டாவது மாடி. வழக்கமாகப் பூட்டின் பெட்டி அறைக்கு உள்பக்கம், சாவித்துளை வெளிப்பக்கம். உள்ளே இருப்பவர் வெறும் கையால் திறக்கலாம். அதுதான் கதவின் நியாயம். அந்த வீட்டுக்காரர் திருப்பிப் போடச் சொன்னார்: பெட்டி வெளியே, சாவித்துளை உள்ளே. ஏனென்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள், அன்றைய அவசரத்தில், அவளே சொல்லிக் கொடுத்தாள்:

"சாமான் வைக்கிற ரூமா சார்?"

"ஆமாம்மா," என்றார் அவர். "சாமான்தான்."

6

முடிவு அ: பாடத்தைப் போடுகிறாள். [போட்டால் இருவரும் பார்ப்பார்கள்.]

முடிவு ஆ: கணினியை மூடிவிட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று [முடியாது. அவள் இரவெல்லாம் அந்த நான்கு திருகுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும்.]

முடிவு இ: காவல் நிலையத்தைக் கூப்பிடுகிறாள். இதை அவள் செய்தாள். "உள்ளே இருக்கிறது யாரு?" "தெரியல சார்." "பேரு?" "தெரியல. ஆனா கதவு தெரியும்." விலாசத்தைச் சொன்னாள். "அரை மணியில வண்டி வரும்."

வைத்த கையோடு போன் அடித்தது. அந்த வீட்டுக்காரர்.

"அன்னைக்கு ஒரு பூட்டு போட்டீங்களேம்மா. அதை மாத்தணும். இப்பவே வர முடியுமா?" கொஞ்சம் நிறுத்தி, சிரித்தார். "முடியலன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தம்பி தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றான்.

"வர்றேன் சார்," என்றாள். "ஆனா ரூம் கதவைத் திறந்து வைக்கணும். திறக்காம பூட்டை மாத்த முடியாது."

"முடியாதா?"

"முடியாது சார்."

7

இது பொய். பெட்டி வெளிப்பக்கம் இருக்கும்போது திருகுகளும் வெளிப்பக்கம்தான். கதவு மூடியிருக்கும்போதே கழற்றலாம், புதியதை வைத்து முடுக்கலாம். உள்ளே இருப்பவருக்குச் சத்தம் மட்டும் கேட்கும். தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் இது. கதவை ஒரே ஒருமுறை திறக்க வைக்க, அவளிடம் இருப்பது இந்தப் பொய் மட்டும்தான். அது நிற்பது ஏனென்றால்

[ஐயோ.

நான் எதை விளக்கிக்கொண்டிருக்கிறேன்? யாருக்கு? அவளுடைய கேள்விப் பெட்டியைப் போல இந்தக் கதையும் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. தம்பியின் தானியங்கிப் பதிலை நான்காம் பகுதியில் நக்கலடித்தேன். இப்போது அதே வேலையை நானே செய்துவிட்டேன். இந்தப் பகுதியை அழித்துவிட்டேன். அழித்த பிறகும் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.]

8

மாடிப்படியில் பூட்டுக்காரி. கீழே தெருவில் தம்பி, வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு. போன் வந்து பதினெட்டு நிமிடம் ஆகிறது.

அந்த வீட்டுக்காரர் வாசல் கதவைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கருவிப் பெட்டியைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

அறைக் கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் மெல்லிய சத்தம், உலோகத்தில் உலோகம் உரசுவது போல. அவள் காலடி கேட்டதும் நின்றது.

"திறந்து வைக்கச் சொன்னேனே சார்."

"மூடினபடியே மாத்தலாமாமே?"

"யார் சொன்னா?"

"எங்கேயோ படிச்சேம்மா."

இன்னும் பன்னிரண்டு நிமிடம். அவள் ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே. அவர் நம்பும்படி, கதவைத் திறக்கும்படி, ஒரே வாக்கியம். எனக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் விளக்கிவிடுவேன், அவர் படித்துவிடுவார். எனவே என் பேனாவை மூடுகிறேன். நீங்கள் சொல்லுங்கள். எங்கேயும் எழுதாதீர்கள். அவள் காதருகே குனிந்து, அவளுக்கு மட்டும்.

நீங்கள் கதவின் எந்தப் பக்கம் நின்று இதைப் படிக்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

"சார்," என்றாள் பூட்டுக்காரி. "