சேர்த்து வைத்த மூச்சு

ஓடும்போது எனக்குக் கால்கள் இருப்பதே மறந்துவிடும். செங்கல்பட்டு மைதானத்துச் செம்மண் மெல்ல அசையும். எங்கள் மாமல்லபுரத்துக் கடல் அடியில் புகுந்து என்னைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். கடைசிச் சுற்றில்தான் கனவு கலையும். நெஞ்சு இறுகி, விசில் சத்தத்தோடு மூச்சு இழுக்கும். ஓட்டத்தை நிறுத்தினால் இன்னும் மோசம்.

"எல்லாம் பயம், எழில். மாவட்டப் போட்டியிலயும் பாதியில நின்னா டீம்ல எடம் இல்ல" என்றார் கோச் ஜெபகுமார்.

பயமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா பக்தவச்சலம், எனக்கு நைனா, நங்கூரம் பாறையில் சிக்கினால் முங்கி எடுப்பவர். முங்கும் முன் படகோரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எனக்கும் அதையே பழக்கியிருந்தார்.

"மூச்ச சேத்து வெச்சுக்கோம்மா. முன்னாலியே செலவு பண்ணிடாத."

மற்ற பெண்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி உடம்பைச் சூடேற்ற, நான் வேப்பமரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருப்பேன். காதுக்குள் அலை கேட்கும்.

நைனா கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொன்னார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டர் ரேணுகா விடவில்லை.

"உக்காந்துகிட்டு ஊதினா தெரியாது. ஓடிட்டு ஊதட்டும்."

ஓடும் மெஷினில் ஏற்றினார். இறங்கியபின் ஊத ஊத அளவு குறைந்துகொண்டே வந்தது.

"இது பயம் இல்ல. வேகமா ஓடினா உனக்கு மூச்சுக்குழாய் சுருங்குது" என்றார். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். நோய் இருக்கிறது என்றதற்கு அழுது மகிழ்ந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

ஓடுவதற்குச் சற்று முன் இழுக்க ஒரு மருந்து பம்ப் தந்தார். நைனா தன் பாடத்தைப் பெருமையாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

"முங்கறதுக்கு அது சரிங்க. இவ முன்னாடியே கொஞ்சம் ஓடி மூச்சைப் பழக்கணும்."

பஸ்ஸில் வீடு வரும்வரை "ஓடி மூச்ச பழக்கறதா?" என்று நைனா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

போட்டியன்று பம்பை இழுத்துவிட்டு மைதானத்தைச் சுற்றினேன். நைனா வேலியோரம் தவித்தார்.

"அல்லாத்தையும் இங்கியே செலவு பண்றாளே!"

விசில் ஒலித்தது. மண் அசைந்தது, கடல் தூக்கியது. கடைசிச் சுற்றிலும் அது என்னை இறக்கிவிடவில்லை. கோட்டைத் தாண்டி நின்று, இறுகப்போகும் நெஞ்சுக்காகக் காத்திருந்தேன். மூச்சு வாங்கியது, பிறகு மெல்ல அடங்கியது. அவ்வளவுதான்.

வேலியைப் பார்த்தேன். நைனா கம்பியை இறுகப் பிடித்திருந்தார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முங்கியவர் இன்னும் மேலே வரவில்லை.

"நைனா, போதும்" என்றேன். "மூச்ச வுடு."