நாற்காலியைப் பற்றிய குறிப்புகள்

புதிதாகச் சேர்ந்ததால் எல்லாரும் 'புதுசு' என்று கூப்பிடும் பெண், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மறுபடியும் நோட்டில் எழுதினாள். பெரியக்கா பார்த்துவிட்டாள். ஒருமுறை என்றால் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் என்று விட்டுவிடலாம். காலையிலிருந்து இது நான்காவது முறை. எழுதுவதற்கு முன்னால் நாலு பக்கமும் பார்த்துக்கொள்வது வேறு. மடியில் கனமில்லாதவள் எதற்கு அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்?

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. மேலே மாடிகளிலிருந்து வரும் விரிப்புகளையும் உறைகளையும் துவைத்து, உலர்த்தி, ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவது பதினோரு பெண்களின் வேலை. பத்துப் பேருக்கும் நின்றபடிதான் பிழைப்பு. கால் வலித்தால் கவிழ்த்துப் போட்ட வாளி உண்டு. அங்கே இருந்த ஒரே நாற்காலி பெரியக்காவுடையது. பத்தொன்பது வருடம் உழைத்துத் தேய்ந்த முழங்காலுக்காக மேனேஜரே அனுப்பிவைத்தது. இந்தப் பெண்களுக்கெல்லாம் தாய் மாதிரி, தான் இல்லாவிட்டால் மேலே இருப்பவர்களிடம் இவர்களுக்காக ஒரு வார்த்தை பேச நாதியில்லை என்பது அவளுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் சாய்ந்துதான் அவள் உட்கார்ந்திருந்தாள் என்றும் சொல்லலாம்.

ரோலர் ஓட்டுகிறவளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவ என்னடி எழுதுறா?"

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"ஒன்றரை மாசமா உன் பக்கத்துலதானே நிக்கிறா."

"நிக்கிறா. அதுக்காக? எனக்கு வேலை கிடக்குக்கா."

ரோலர்காரி வாயைத் திறந்தால் மூட ஆள் வைக்க வேண்டும். அவளே இப்படி நறுக்கென்று பேசினால் விஷயம் பெரியது. புதுசு வேறு ஏதோ ஆஸ்பத்திரிக்கு உளவு பார்க்கிறாளா, யார் எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து ஆளைக் குறைக்க யாரோ அனுப்பினார்களா என்று பெரியக்கா இரண்டு நாள் யோசித்தாள். சந்தேகம் செருப்பில் புகுந்த கல் மாதிரி. எடுத்துப் போடுகிறவரை ஒழுங்காக நடக்கவிடாது. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் மேலே டீ குடிக்கப் போனபோது மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

"நல்லவேளை, நீங்க பாத்தீங்க" என்றார் அவர். "நாளைக்கு அந்த நோட்டைக் கொண்டாங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் வேலைக்குத் திரும்பியபோது புதுசு கை கழுவப் போனாள். ஆணியில் அவளுடைய மேலங்கி தொங்கியது. பையிலிருந்து நோட்டை உருவ ஒரு நொடிதான் ஆனது. பெரியக்கா அதை மடித்த விரிப்புக்கு நடுவே செருகி, சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் ஒரு மாலை நேரக் கல்லூரியின் பெயர். அதன் கீழே: சமூகவியல், முதலாம் ஆண்டு, களப்பயிற்சி. பிறகு ஆசிரியர் சொன்னதாகச் சில வரிகள். 'தினமும் பார்க்கும் இடத்தை முதல்முறை பார்ப்பதுபோல் பார். யார், எப்போது, யாரோடு என்பதை எழுது. நல்லவர் கெட்டவர் என்று எழுதாதே. பெயர்கள் வேண்டாம்.'

அடக் கடவுளே, படிக்கிற பெண்! பெரியக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. படிக்கிறவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்று மேனேஜர் அவர்களை வேலைக்கே எடுப்பதில்லை. அதுதான் இவள் ஒளித்து எழுதியிருக்கிறாள். பாவம். மூடி வைத்துவிடலாம் என்று நினைத்தவள், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கும் ஆசையில் பக்கத்தைத் திருப்பினாள். ரோலர் என்று ஒருத்தி, கண்ணாடி என்று ஒருத்தி. 'நாற்காலி' என்ற சொல்லைக் கண்டதும் தான்தான் என்று புரிந்தது.

'விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். மற்றவர்கள் தாமாக ஜோடி சேர்கிறார்கள். நாற்காலியிடம் மட்டும் அவர் கூப்பிட்டால்தான் போகிறார்கள். பதினேழு நாளில் ஒருமுறைகூடத் தாமாகப் போகவில்லை.'

'செவ்வாய்: நாற்காலி மேலே போனார். டீ. இருபது நிமிடம். வியாழன்: கண்ணாடியை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள்.'

'செவ்வாய்: நாற்காலி மேலே போனார். டீ. திங்கள்: கர்ப்பமாக இருந்தவருக்கு வேலை நீட்டிப்பு இல்லை.'

பெரியக்கா அந்த வரிகளை மறுபடியும் படித்தாள். கண்ணாடிக்குப் பார்வை மங்குகிறது, இலேசான வேலையாகக் கொடுங்கள் என்றுதானே சொன்னாள்? கர்ப்பமாக இருந்தவள் விஷயத்தைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நாலு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள் சார் என்று கண் கலங்கச் சொன்னாள். அவள் நீக்கப்பட்டபோது எல்லாருக்கும் முன்னால் இவளும் அழுதாள். அப்போது யாரும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'தொடர்பு உண்டா? இரண்டு முறையை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் பார்க்க வேண்டும். நாற்காலிக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன்.'

திட்டியிருந்தால் திட்டிவிட்டு எழுந்திருக்கலாம். இந்தப் பெண் திட்டவே இல்லை. வெறும் கிழமைகளை எழுதி வைத்திருந்தாள்.

சுவரில் இருந்த போன் அடித்தது.

"நோட்டு கிடைச்சுதா?" என்றார் மேனேஜர்.

"அது ஒண்ணுமில்ல சார். ஏதோ வீட்டு விஷயம் எழுதுது பொண்ணு. விட்டுடுங்க."

"வீட்டு விஷயமா இருந்தா எனக்குக் காட்ட என்ன? நீங்க சிரமப்படாதீங்க. நானே வரேன்."

பெரியக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். புதுசு வெளிறிப்போய் ஆணிக்கருகே நின்று மேலங்கியைத் தடவிக்கொண்டிருந்தாள். பெரியக்கா கையில் நோட்டைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தாள்.

"அக்கா... அது காலேஜுக்கு... தப்பா எதுவும்..."

"இரண்டு முறை பத்தாதுன்னு எழுதியிருக்கியே" என்றாள் பெரியக்கா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "மூணாவது நேத்து. செவ்வாக்கிழமை. டீ. அரை மணி நேரம். யாரைப் பத்திப் பேசினேன்னு கேளு."

"கேக்கக் கூடாது, பாக்க மட்டும்தான் செய்யணும்னு காலேஜுல சொல்லியிருக்காங்கக்கா."

"உன்னைப் பத்தி."

ரோலர்காரி கை நீட்டி ரோலரை நிறுத்தினாள். விரிப்பு பாதியில் மாட்டிக்கொண்டு ஆவி விட்டது. பத்துப் பேரும் பெரியக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். எத்தனை நாளுக்குப் பிறகு இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவமானம் காதுவரை சுட்டது.

"எழுது. என் வாயால சொன்னேன்னும் எழுது. எழுதிட்டு அதைப் பத்திரமா வை. அவர் உன்னை அனுப்பப் பாத்தா, இந்த மூணு செவ்வாக்கிழமையும் சாட்சியா உனக்கு வேண்டியிருக்கும். எனக்கும்."

படிகளில் ஷூ சத்தம் இறங்கி வந்தது. புதுசு பேனாவை எடுத்தாள். மூடி நழுவி எங்கோ உருண்டது, யாரும் குனியவில்லை. பெரியக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய், வாசலை அடைத்தாற்போல் நின்று, இரண்டு கைகளையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டாள். ரோலர் நின்றிருந்ததால், முதுகுக்குப் பின்னால் காகிதத்தில் பேனா ஓடும் சத்தம்கூடக் கேட்டது.